பாத்திரம் கழுவுவதும் தியானமா? ஜென்னும் நம்மூர் ஞானமும் அன்றாட வாழ்வில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜென் என்றதும் பலருக்கு மூங்கிலும் வழுவழுப்பான கூழாங்கல்லும் போட்ட ஸ்பா விளம்பரம்தான் ஞாபகம் வருகிறது. ஆன்மிகம் என்றால் ரிட்டயர்டு ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற நினைப்பு. இரண்டுமே அடுப்படியில் வளர்ந்த சமாச்சாரம் என்பதுதான் இந்தப் பக்கத்தின் கட்சி. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜென்னுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர்தானே?

பௌத்தம் இங்கிருந்து சீனாவுக்குப் போய், அங்கே தாவோ மரபோடு பழகி, சான் என்று ஒரு தனி வழியாகி, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பானில் ஜென்னாக வேர்விட்டது. அந்த அளவுக்குச் சம்பந்தம் உறுதி.

சான் வழியைச் சீனாவில் தொடங்கி வைத்தவர் என்று மரபு சொல்லும் போதிதர்மர் விஷயம் அவ்வளவு நேராக இல்லை. லோயாங் நகரத்து மடாலயங்களைப் பற்றி கி.பி. 547 வாக்கில் எழுதப்பட்ட சீனக் குறிப்பு அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு, தென்னிந்தியாவில் ஒரு பேரரசரின் மூன்றாவது மகன் என்கிறது. பல்லவ இளவரசர், காஞ்சிபுரம் என்பதெல்லாம் பின்னால் சேர்ந்த மரபு. எந்த ஊர்க்காரராக இருந்தாலும், அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை நமக்கு நன்றாகவே பொருந்தும். லியாங் நாட்டுப் பேரரசர் வூ அவரிடம், "எத்தனையோ கோயில் கட்டினேன், நூல்களைப் படியெடுக்க வைத்தேன், துறவிகளை ஆதரித்தேன். எனக்கு எவ்வளவு புண்ணியம்?" என்று கேட்டாராம். பதில்: "ஒன்றும் இல்லை." கோயிலுக்குக் கொடுத்த டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதி வைக்கிற ஊரில் இருக்கிறோம். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

உட்கார்ந்து தியானம் செய்ய நேரமில்லை. செய்கிற வேலையே தியானம் என்கிறார்களே, அது உண்மையா, இல்லை சோம்பேறிகளின் சாக்கா?

இரண்டும்தான். முதலில் உண்மையான பக்கம்.

1223இல் டோகன் என்ற ஜப்பானிய இளந்துறவி பாடம் கேட்கச் சீனாவுக்குப் போகிறார். துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருக்கும்போது அறுபத்தொரு வயதுத் துறவி ஒருவர் காளான் வாங்க வருகிறார். ஒரு மடாலயத்தின் சமையல்காரர். மறுநாள் விசேஷம், சூப்பில் போடக் காளான் இல்லை, அதற்காகப் பல மைல் நடந்து வந்திருக்கிறார். டோகனுக்கு அவரை விட மனசில்லை. "இன்று இங்கேயே தங்குங்களேன், நீங்கள் ஒருவர் இல்லையென்றால் அங்கே சாப்பாடு நடக்காதா?" என்கிறார். அதோடு நிற்காமல், இந்த வயதில் தியானம், படிப்பு என்று இராமல் அடுப்படியில் ஏன் அல்லாடுகிறீர்கள் என்றும் கேட்டுவிடுகிறார். பெரியவர் சிரித்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த தம்பிக்குப் பயிற்சி என்றால் என்னவென்று இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லி, இருட்டுவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

பிறகு டோகன் தங்கிப் படித்த மடாலயத்தில் இன்னொரு சமையல்காரர். வயது அறுபத்தெட்டு, முதுகு வளைந்துவிட்டது. உச்சி வெயிலில் தொப்பிகூட இல்லாமல், கொதிக்கும் தரையில் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். "ஆள் வைத்துச் செய்யக் கூடாதா?" என்று டோகன் கேட்டார். "அவர்கள் நான் இல்லையே." "வெயில் இப்படிக் கொளுத்துகிறதே, இப்போதேவா?" "பிறகு எப்போது?"

டோகன் ஊர் திரும்பிப் பத்து வருஷம் கழித்து, 1237இல், மடாலயச் சமையல்காரருக்கு என்றே ஒரு சிறு நூல் எழுதினார். அரிசி களையும்போது மணலையும் அரிசியையும் ஒருசேரப் பார், ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது, காய்கறியை உன் கண்ணைப் போல நடத்து, சமைத்து முடித்ததும் மேலே வைக்க வேண்டியதை மேலேயும் கீழே வைக்க வேண்டியதைக் கீழேயும் வை என்று போகிறது அது. கீரைத்தண்டு சூப் என்று அலட்சியமும் வேண்டாம், ஒசத்தியான சூப் என்று குதூகலமும் வேண்டாம் என்கிறார். ஞான நூல் என்று எடுத்தால் மாமியார் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். அதுதான் அதன் அழகு.

சரி, சாக்குப் பக்கம். இதே டோகன் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர், உட்காருவதுதான் அஸ்திவாரம் என்று கடைசிவரை சொன்னவர். "எனக்கு வேலையே தியானம்" என்று சொல்லி உட்காருவதைத் தவிர்க்கிறவர்கள் பெரும்பாலும் வேலையையும் போன் பேசிக்கொண்டேதான் செய்கிறார்கள்.

நம் பக்கத்தில் இப்படி அடுப்படியில் நின்ற ஞானி யாராவது உண்டா?

திருவண்ணாமலையைப் பாருங்கள். ரமண மகரிஷி என்றால் சோபாவில் மௌனமாக அமர்ந்திருக்கும் படம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆசிரமத்தில் பல வருஷங்கள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே சமையலறைக்கு வந்து காய் நறுக்கியவர், சட்னி அரைத்தவர் அவர். தரையில் சிந்திய அரிசியைக் குனிந்து பொறுக்குவார். காய்த்தோல் மாட்டுக்குப் போகும், எதையும் குப்பையில் போடவிட மாட்டார். பந்தியில் தனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடப் போட்டால் கோபம் வந்துவிடும், எல்லோருக்கும் என்னவோ அதுதான் எனக்கும் என்பார். கூட நின்று சமைத்த பெண்களின் நினைவுக் குறிப்புகளைப் படித்தால், வேதாந்த உபதேசத்தைவிட உப்பு, புளி, நெருப்பு அளவு பற்றிய பேச்சுதான் அதிகம்.

வடலூரில் வள்ளலார் 1867இல் தருமச்சாலை தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசி ஆற்றுவதை ஜீவகாருண்யத்தின் முதல் படியாக வைத்தவர் அவர். இன்னொரு நாட்டு மடாலயத்தைத் தேடிப் போகாமலே இந்தப் பாடம் நமக்குக் கிடைக்கும்.

வீட்டில் மூன்று வேளையும் சமைப்பது நான்தான். அதையே தியானமாகச் செய் என்று சொல்வது ஏமாற்று வேலையாகத் தெரிகிறதே?

நியாயமான கோபம். இந்தக் கேள்வியைப் பெண்கள் மட்டும்தான் கேட்கிறார்கள் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

டோகனின் மடாலயத்தில் சமையல் பொறுப்பு என்பது யார் தலையிலோ கட்டிய வேலை இல்லை. மடத்தை நடத்தும் ஆறு முக்கியப் பதவிகளில் ஒன்று. அதைப் பழுத்த துறவிகளுக்குத்தான் கொடுப்பார்கள். அதற்கும் முன்னால், சீனாவில் பாய்ஜாங் என்ற குரு (720–814) கிழவயதிலும் மண்வெட்டி பிடித்தவர். பாவம், ஓய்வெடுக்கட்டும் என்று சீடர்கள் கருவிகளை ஒளித்து வைத்தார்கள். அவர் அன்று சாப்பிடவில்லை. "வேலை செய்யாத நாள், சாப்பிடாத நாள்" என்றார். கருவிகளைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் சாப்பிட்டார்.

ஆக, உண்கிற எல்லோரும் வேலையில் பங்கெடுப்பது என்பதுதான் அசல் ஏற்பாடு. ஒருவர் மட்டும் வேகவேகமாகச் சமைக்க, மற்றவர்கள் பூஜையறையில் கண்ணை மூடிக்கொண்டு காபிக்குக் காத்திருந்தால் அதற்கு ஜென்னும் பொறுப்பில்லை, கீதையும் பொறுப்பில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆண்கள் இன்று இரவு பாத்திரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். உபதேசமாகவே சொல்கிறேன்.

எதில் தொடங்குவது? ஒரு எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

தினமும் கட்டாயம் செய்கிற, ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அரிசி களைவதைச் சொல்வேன், டோகனுக்காக.

பாத்திரத்தில் அரிசியைக் கொட்டும்போது அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். தண்ணீர் விட்டுக் கையை உள்ளே விட்டால் முதலில் குளிர்ச்சி தெரியும், அப்புறம் மணிகள் விரலிடுக்கில் நழுவுவது தெரியும். ஒரு புரட்டுப் புரட்டியதும் தண்ணீர் வெள்ளையாகும். மேலே மிதக்கிற உமி, கறுத்த அரிசி இருந்தால் எடுங்கள். வடிக்கும்போது ஓரத்தில் நாலு பருக்கை ஓடப் பார்க்கும், உள்ளங்கையை அணையாக வைத்துத் தடுங்கள். இரண்டாம் கழுவலில் கலங்கல் குறையும், மூன்றாவதில் அரிசி கண்ணுக்குத் தெரியும். கழுநீர் செடிக்கு.

நடுவில் மனசு இஎம்ஐக்கோ, நேற்று நாத்தனார் சொன்ன வார்த்தைக்கோ போகும். போனது தெரிந்ததும் விரலுக்குத் திரும்புங்கள். அவ்வளவுதான் பயிற்சி. மெதுவாகச் செய்ய வேண்டும் என்று அவசியமில்லை. காலை ஏழரைக்குப் பள்ளி வேன் வரும் வீட்டில் மெதுவாகச் செய்தால் வேறு பிரச்சினை வரும். வேகமாகவே களையுங்கள், ஆனால் களையும்போது அரிசி மட்டும்.

"கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே" என்றால் சம்பள உயர்வு கேட்கக் கூடாதா?

தாராளமாகக் கேளுங்கள். கீதையின் 2ஆம் அத்தியாயம் 47ஆம் சுலோகத்தைப் பாதியில் நிறுத்திவிடுவதால் வருகிற குழப்பம் இது. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்பது முதல் பாதி. அடுத்த பாதியில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. பலனுக்காகவே செய்கிறவனாக ஆகாதே, சும்மா இருந்துவிடுவதிலும் பற்று வைக்காதே. எது நடந்தாலும் விதி என்று கையைக் கட்டி உட்காருவதை அந்தச் சுலோகமே தடுத்துவிடுகிறது.

அலுவலகத்தில் இது எப்படி? அப்ரைசல் கூட்டத்துக்கு என்ன செய்தீர்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டு போய், தொகையைச் சொல்லிக் கேளுங்கள். அது செயல், உங்கள் கையில் இருக்கிறது. எத்தனை சதவீதம் என்று முடிவாவதில் கம்பெனி லாபம், மேலாளரின் மூட், பக்கத்து இருக்கைக்காரரின் எண்கள் என்று நூறு விஷயம் கலந்திருக்கிறது. கேட்டுவிட்டு வந்தபின் மூன்று வாரம் தூக்கம் கெடுவது எந்தச் சதவீதத்தையும் கூட்டாது. முடிவு போதாதென்றால் வேறு வேலை தேடலாம். அதுவும் செயல்தான்.

போகிற போக்கில் ஒன்று: "எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது" என்று காலண்டரில் தொங்குகிற கீதாசாரம் கீதையில் எங்கும் இல்லை. துக்க வீட்டில் அதைச் சொல்வதற்கு முன் யோசியுங்கள்.

உட்காருவது என்றால் எப்படி உட்காருவது? முட்டி வலிக்கிறதே?

மடித்த தலையணை ஒன்றைப் பின்புறத்துக்கு அடியில் வையுங்கள். இடுப்பு முட்டியைவிட உயரமாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். முட்டி வலி உள்ளவர்கள் சாயாமல் நாற்காலியில் உட்காரலாம், பாதம் தரையில் படட்டும். யோகசூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான். பத்மாசனம் கட்டாயம் என்று அந்தச் சூத்திரத்தில் இல்லை.

ஜென் வழக்கப்படி கண்ணை முழுதாக மூடுவதில்லை. பாதி திறந்து, கொஞ்ச தூரத்தில் தரையைப் பார்த்தபடி வைத்துக்கொள்வார்கள். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்தது இரண்டு என்று பத்துவரை. மறுபடி ஒன்று. எண்ணிக்கை தவறினாலும், பதினேழு என்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாலும், ஒன்றுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். நீண்ட காலம், விடாமல், அக்கறையோடு செய்தால்தான் பயிற்சி ஊன்றும் என்று யோகசூத்திரமும் சொல்கிறது.

எண்ணம் நிற்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு ராசி இல்லையோ?

மதயானையை வசப்படுத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது" என்று முடிக்கிறார் தாயுமானவர். அவருக்கே அரிது. அடையாறு டிராபிக்கில் ஒரு மணி நேரம் நின்று வந்தவருக்கு முதல் வாரத்திலேயே வந்துவிடுமா?

எண்ணத்தை நிறுத்துவது இலக்கே இல்லை என்று வைத்துக்கொண்டால் பாதி பாரம் இறங்கிவிடும். ரமணர் சொன்ன வழி, எண்ணம் எழும்போது அதை முடிக்கப் பார்க்காமல், இது யாருக்கு வந்தது என்று கேட்பது. எனக்கு என்று பதில் வரும். நான் யார் என்று மனத்தை அது புறப்பட்ட இடத்துக்கே திருப்புவது. 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் கொடுத்த பதில்களில் இது தெளிவாக இருக்கிறது. மூச்சை எண்ணுவதும் இதுவும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். புதியவர்களுக்கு எண்ணுவது சுலபம்.

கோபத்துக்கு என்ன வழி?

குறளில் வெகுளாமை அதிகாரத்தின் முதல் பாட்டு: "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்." கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குகிறவன்தான் அடக்குகிறவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, விட்டால் என்ன. மேலாளரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது இந்தக் கணக்கில் வராது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம், பத்து நிமிடம் தாமதமாக வந்த டெலிவரி பையனிடம், ஹோம்வொர்க் எழுதாத பிள்ளையிடம் எப்படிப் பேசினோம் என்பதுதான் கணக்கு.

பதஞ்சலி நாலு மருந்து தருகிறார். மகிழ்ச்சியாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுகிறவரிடம் கருணை, நல்லது செய்கிறவரைக் கண்டு சந்தோஷம், தீமை செய்கிறவரிடம் விலகிய அமைதி. நாம் பெரும்பாலும் முதலாவதிலேயே சறுக்குகிறோம். சொந்தக்காரர் வீடு கட்டினால் வயிறு எரிகிறது.

போனை என்ன செய்வது?

சாப்பாட்டுத் தட்டும் போனும் ஒரே மேஜையில் வேண்டாம். இதற்கு ஞானம் தேவையில்லை, சார்ஜரை அடுத்த அறையில் மாட்டினால் போதும்.

குடும்பம், கடன், பொறுப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய்விட்டால் நிம்மதியாக இருக்கலாம் அல்லவா?

சந்நியாசம் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டு வந்தவர்களை ரமணர் பெரும்பாலும் திருப்பி அனுப்பினார். இல்லறத்தான் என்ற நினைப்பு போய்த் துறவி என்ற நினைப்பு வரும், காட்டுக்குப் போனாலும் மனம் கூடவே வரும் என்பது அவர் வாதம். ரயிலில் ஏறிய பிறகும் மூட்டையைத் தலையிலேயே சுமக்கிறவனை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்வார். வண்டிதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது, இறக்கி வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதானே? இறங்கிப் போகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அறத்தின் வழியில் இல்வாழ்க்கை நடத்தினால், வெளியே போய்ப் பெறுவதற்கு என்ன இருக்கிறது என்று வள்ளுவரும் கேட்கிறார்.

எங்கள் கம்பெனியில் தியான வகுப்பு நடத்துகிறார்கள். வேலைத்திறன் கூடும் என்கிறார்கள். நல்லதுதானே?

பத்து நிமிட அமைதி கெடுதல் செய்யாது. ஆனால் ஊழியரைப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்க வைத்துவிட்டு, களைப்புக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவது எனக்கு ஒப்பவில்லை.

கவனம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஜென்னின் வரலாறே சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானின் ஜென் அமைப்புகள் போருக்கு ஆதரவாக நின்றன. டோகன் வழிவந்த சோட்டோ பிரிவே 1992இல் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. அசையாத மனத்தோடு வாளையும் வீச முடியும். பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவதாக வருகிறது. முதலாவது யமம், அதில் முதல் சொல் அகிம்சை. அப்புறம் வாய்மை, திருடாமை. வகுப்பு நடத்துகிற கம்பெனி அந்த வரிசையைக் கொஞ்சம் முன்னாலிருந்து படிக்கலாம்.

மன அழுத்தம், தூக்கமின்மை இவற்றுக்கு இது மருந்தாகுமா?

சாதாரண பதற்றத்துக்கு உதவும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தியானத்தை நம்பி நிறுத்திவிட வேண்டாம்.

அளவுக்கு மிஞ்சினால் தியானமும் படுத்தும். ஹகுயின் (1686–1769) என்ற பெரிய ஜென் குருவே இளமையில் கண்மூடித்தனமாகப் பயிற்சி செய்து உடம்பும் மனமும் நொந்து, அதிலிருந்து மீள வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அதிகம் உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணாதவனுக்கும் இல்லை, அதிகம் தூங்குகிறவனுக்கும் தூங்காதவனுக்கும் இல்லை என்று கீதை 6ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. இதை யாரும் காலண்டரில் போடுவதில்லை.

நான் கிறிஸ்தவர், என் கணவர் நாத்திகர். நாங்கள் செய்யலாமா? யாரிடம் கற்றுக்கொள்வது?

மூச்சை எண்ண எந்தச் சாமியும் தேவையில்லை, எந்தச் சாமியையும் விட வேண்டியதும் இல்லை. கொடைக்கானல் போகும் வழியில் பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்று ஒரு மையம் 1996 முதல் இருக்கிறது. தொடங்கியவர் ஆமா சாமி, ஏசு சபைப் பாதிரியார். ஜப்பானின் காமகுராவில் யமாடா கோஉன் என்ற குருவிடம் பயின்று, ஜென் கற்பிக்க அனுமதி பெற்றவர். எல்லா மதத்தினரும், மதமில்லாதவர்களும் அங்கே வருகிறார்கள். உட்காரும் நேரத்தோடு தோட்டம், கூட்டிப் பெருக்குதல், சமையலறை என்று வேலை நேரமும் அட்டவணையில் உண்டு.

எங்கே போனாலும் ஆசிரியரிடம் மூன்று விஷயம் பாருங்கள். பணக்கணக்கு வெளிப்படையாக இருக்கிறதா, கேள்வி கேட்டால் முகம் மாறுகிறதா, தம் பாத்திரத்தைத் தாமே கழுவுகிறாரா. ரகசிய மந்திரத்துக்குத் தனிக் கட்டணம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். முதல் தடவையே நீண்ட முகாமில் சேர வேண்டாம், வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்து பழகிவிட்டு, இரண்டு மூன்று நாள் தங்கிப் பாருங்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கொடைக்கானல் பக்கம் என்றால் ஸ்வெட்டர் மறக்க வேண்டாம், விடியற்காலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.